ஐந்து மாதமாகியும் உடம்பு பிரட்டாத பிள்ளை: குறைமாதத்தில் பிறந்த மகனின் தாய்க்கு ஒரு குழந்தைநல வைத்தியரின் பதில்

மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய முதற் பிள்ளை, மகன், 29 வாரத்தில் 1150 கிராம் நிறையுடன் பிறந்து, 52 நாட்கள் குறைமாதக் குழந்தைப் பிரிவில் இருந்திருக்கிறான். சில நாட்கள் செயற்கைச் சுவாசம், பிறகு மூக்குவழி அழுத்தக் காற்று, கிருமித் தொற்றுக்காக ஜென்டாமைசின் உட்பட ஊசிமருந்துகள், ஒரு தடவை இரத்தம் ஏற்றியது என்று, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட்டில் எழுதப்பட்டிருக்கிறது. தலை ஸ்கானில் ஒரு பக்கத்தில் இரண்டாம் தர இரத்தக் கசிவு. கண் பரிசோதனையில் இரு கண்ணிலும் ஆர்.ஓ.பி. எனும் குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரை நோய், முதலாம் நிலை, இரண்டு கிழமையில் மீண்டும் காட்ட வேண்டும். காதுப் பரிசோதனை பற்றி ஒரு வரியும் இல்லை. மறு பரிசோதனைக்குக் குறித்த நாளில் மழையும் வெள்ளமும் வந்தன. அதன்பின் வீட்டில் ஒருவருக்குக் கொப்புளிப்பான் கண்டது. பிள்ளையும் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டதால், இனிக் கண்ணுக்கு என்ன குறை என்று விட்டுவிட்டார்கள். நிறை குறைந்த பிள்ளைக்கு ஊசி தாங்காது என்று மாமி சொன்னதால் இரண்டாம் மாத ஊசியும் நான்காம் மாத ஊசியும் போடப்படவில்லை.

இப்போது பிள்ளைக்கு ஐந்து மாதம், நிறை 4.9 கிலோ. அதே மாதம் பிறந்த மச்சாளின் மகள் உடம்பு பிரட்டி விளையாடுகிறாள், தன் மகனுக்குத் தலையே இன்னும் சரியாக நிற்கவில்லை என்பதுதான் கடிதத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் கவலை. மூளையில் இரத்தம் கசிந்ததால் இப்படி ஆகிவிட்டானா, கத்தாரில் வேலை செய்யும் கணவர் சொல்வதுபோல் கொழும்புக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா, பாடசாலைக்குத் திரும்பலாமா என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “அழும்போது வலது தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு சிறு வீக்கம் தெரியும், பிறகு மறைந்துவிடும். மாமி அது வாயு என்கிறார்.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு விவரத்தை ஒழுங்காக எழுதி அனுப்பும் தாய்மார் குறைவு. அதனால்தான் என்னாலும் ஓரளவு தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரவெல்லாம் நினைத்து அழும் விடயத்தில் இப்போதைக்குப் பயப்பட எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன மூன்று நான்கு விடயங்களில் அவசரம் இருக்கிறது, அவற்றுள் இரண்டு இந்தக் கிழமைக்குள் பார்க்கப்பட வேண்டியவை.

வயதை எண்ணும் முறை

உங்கள் மகன் பிறந்து ஐந்து மாதம், அதாவது ஏறத்தாழ 22 வாரம் ஆகிறது. அவன் 40 வாரத்தில் பிறந்திருக்க வேண்டியவன். 29 வாரத்திலேயே பிறந்துவிட்டதால் 11 வாரம் முந்திவிட்டான். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த 11 வாரத்தையும் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது 11 வாரம், ஏறத்தாழ இரண்டரை மாதம். இதைத் திருத்திய வயது என்கிறோம். இரண்டு வயது முடியும்வரை தலை நிற்பது, உடம்பு பிரட்டுவது, இருப்பது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் இந்த வயதை வைத்தே பார்க்கிறோம். இரண்டரை மாதப் பிள்ளை உடம்பு பிரட்டுவதில்லை; தூக்கி நிறுத்தினால் தலை ஆடும்; குப்புறப் போட்டால் சற்று நேரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்ந்துவிடும். முகம் பார்த்துச் சிரிப்பதோ, திருத்திய வயதில் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் வர வேண்டியது, உங்கள் மகனுக்கு வந்துவிட்டது. மச்சாளின் மகளோடு அவனை ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்; அவள் நிறைமாதத்தில் பிறந்தவள், இவனைவிட இரண்டரை மாதம் மூத்தவள்.

நிறையிலும் இதே கணக்குத்தான். சுகாதார விருத்திப் பதிவேட்டில் 4.9 கிலோவை ஐந்தாம் மாதத்துக்கு நேரே நீங்களே குறித்துப் பார்த்து, அது மிகக் கீழான கோட்டுக்கும் கீழே விழுந்ததைக் கண்டு பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே புள்ளியைத் திருத்திய வயதான இரண்டரை மாதத்துக்கு நேரே வையுங்கள். சராசரிக்குக் கீழேதான் நிற்கும், ஆனால் குறைநிறை என்று சொல்லும் எல்லைக்குள் விழாது. ஒரு தனிப் புள்ளியால் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. மாதா மாதம் வைக்கும் புள்ளிகள் சேர்ந்து கோடாக மேலே போகின்றனவா என்பதையே நாங்கள் பார்ப்போம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, பதிவேட்டின் முன்பக்கத்தில் “29 வாரம், 11 வாரம் கழிக்கவும்” என்று எழுதித் தரும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். புதிதாகப் பார்க்கும் யாரும் தவறாகக் கணக்குப் போடாமல் இருக்க அது உதவும்.

இந்தக் கழித்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயதே கணக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் கிழமையே: வீக்கமும் கண்ணும்

அழும்போது தோன்றி மறையும் அந்த வீக்கத்தை நீங்கள் கடைசியில் எழுதினீர்கள். நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் குறைமாதத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் அப்படித் தோன்றி மறையும் வீக்கம் என்றால் நாங்கள் முதலில் நினைப்பது குடலிறக்கத்தை. கருவின் கடைசி மாதங்களில் விதைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கி வந்த வழி மூடிக்கொள்ள வேண்டும். முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு அது பலவேளை திறந்தே இருந்துவிடுகிறது. அழும்போது வயிற்றின் அழுத்தம் கூடிக் குடலின் ஒரு வளைவு அந்த வழியே வெளியே தள்ளுகிறது. இது வாயுவும் இல்லை, வளர வளரத் தானாக மூடும் தொப்புள் வீக்கத்தைப் போன்றதும் இல்லை. சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். குடல் அங்கே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் நாட்களைத் தள்ளிப்போடுவதில்லை. நாணயம் வைத்துக் கட்டுவது, துணியால் இறுக்குவது, எண்ணெய் போட்டு அமுக்குவது எதுவும் வேண்டாம். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, பிள்ளை நிறுத்தாமல் அழுது, வாந்தி எடுத்தால், அல்லது தோல் சிவந்தால், அது பகலோ இரவோ, அந்த நேரமே 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துவிடுங்கள், அது இலவசம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் இந்தக் கிழமைக்குள் வைத்தியசாலையில் காட்டுங்கள். வீக்கம் தெரியும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். வைத்தியர் முன்னால் பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

இனிக் கண். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்ல வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டியே முழுமையடைகின்றன. 29 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அவை பாதி வழியில் நிற்கின்றன. ஒட்சிசன், தொற்று, இரத்தம் ஏற்றல் போன்றவற்றின் நடுவே அவை நேராக வளராமல் பிறழ்ந்து வளரத் தொடங்குவதைத்தான் ஆர்.ஓ.பி. என்று காட்டில் குறித்திருக்கிறார்கள். முதலாம் நிலை மிக ஆரம்பமானது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அடங்கிவிடுகிறது. உங்கள் மகனுக்கும் அடங்கியிருக்கவே கூடுதல் வாய்ப்பு. ஆனால் அடங்கியதா என்பதை யாரும் பார்த்து உறுதிசெய்யவில்லை. சில பிள்ளைகளுக்கு அது முற்றி, லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசிமருந்தோ இரண்டு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டிய நிலைக்கு வரும். அந்த நேரம் தவறினால் விழித்திரை கழன்று பார்வை போய்விடலாம். “இரண்டு கிழமையில் வரவும்” என்று எழுதியதன் காரணம் அதுதான்.

முகம் பார்க்கிறான், சிரிக்கிறான், ஆகவே கண் நல்லது என்று நீங்கள் நினைத்தது இயல்பானது. ஒரு கண் நன்றாக இருந்தாலே பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும். மற்றக் கண்ணின் நிலையை அது சொல்லாது. விழித்திரையின் ஓரத்தில் நடப்பது தாயின் கண்ணுக்கும் தெரியாது, சாதாரண டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. சொட்டுமருந்து போட்டுக் கண்மணியை விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே டயக்னோசிஸ் காட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த வைத்தியசாலைக்கு நேராகப் போங்கள். புதிய நாள் குறிக்கும் வரிசையில் நின்று மாதக்கணக்கில் காத்திருக்கச் சம்மதிக்க வேண்டாம், “ஆர்.ஓ.பி. மறு பரிசோதனை தவறிவிட்டது” என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சந்திக்கும் தாதியிடமே சொல்லுங்கள், அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் அவசரம் உண்டு. அங்கே பார்க்க வசதியில்லை என்றால், எங்கே பார்க்கலாம் என்று கேட்டு அங்கே அனுப்பும் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். காட் தொலைந்துபோனவர்களும் இதைப் படிக்கக்கூடும்: பெட் ஹெட் டிக்கட் (வைத்தியசாலையில் பிள்ளைக்கு வைத்த சிகிச்சைக் கோப்பு) இலக்கமும் அனுமதித்த திகதியும் இருந்தால் வைத்தியசாலையின் பதிவறையில் பழைய கோப்பைத் தேடி எடுக்க முடியும். காட் ஆங்கிலத்தில் இருந்தால் ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிள்ளையை வீட்டில் பார்க்கப்போவது நீங்கள். காட்டில் இருப்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

பரிசோதனை பார்ப்பதற்குச் சற்று மனக்கலக்கம் தரும். பிள்ளையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இமைகளை ஒரு சிறு கம்பி வளையத்தால் விரித்துப் பார்ப்பார்கள், அவன் கத்துவான். பரிசோதனைக்குச் சற்று முன்பாக வயிறு நிறையப் பால் கொடுத்தால் வாந்தி எடுப்பான், ஆகவே ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வாயில் சில துளி தாய்ப்பால் விட்டால் வலி தணியும் என்பது பல இடங்களில் வழக்கம். முடிந்த பின் கண் சிவந்து இமை வீங்கியிருக்கும், மறுநாள் தணிந்துவிடும்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் கண் விடயம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளைகளுக்கு மாறுகண்ணும் கண்ணாடி தேவைப்படும் குறையும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஒரு வயதளவிலும் பாடசாலைக்குச் சேரும் முன்னரும் மீண்டும் பார்க்க வேண்டும்.

காது

கதவு அடித்தால் திடுக்கிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவு அடிக்கும் சத்தம் மிகப் பெரியது, அதிர்வும் சேர்ந்து வருவது. நடுத்தரக் கேட்புக் குறை உள்ள பிள்ளையும் அதற்குத் திடுக்கிடும். பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்கின்றனவா என்பதே கேள்வி. ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த, ஜென்டாமைசின் பெற்ற, சுவாசக் கருவியில் இருந்த பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை கட்டாயம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காதுக்குள் சிறு முனையை வைத்து உட்செவியின் எதிரொலியைப் பதிவது. மற்றது தலையில் மின்முனை ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. உங்கள் மகன் போன்ற பிள்ளைகளுக்கு இரண்டாவது வகை வேண்டும். ஏனென்றால் செவி நன்றாக இருந்து நரம்பில் மட்டும் குறை இருந்தால் முதல் வகை அதைத் தவறவிட்டுவிடும். ஏ.பி.ஆர். என்று கேளுங்கள்.

கேட்புக் குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. நாம் சற்றுப் பிந்தியிருக்கிறோம், அவ்வளவுதான். இந்த மாதத்துக்குள் செய்துவிடலாம். பெரும்பாலும் நல்ல பதிலே வரும்.

ஊசி, இரும்புச் சத்து, உணவு

நிறை குறைந்த பிள்ளைக்கு ஊசி தாங்காது என்பது மாமி மட்டும் சொல்லும் கருத்தல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நிறை குறைந்து, நுரையீரல் முதிராமல் பிறந்த பிள்ளைக்குத்தான் நோயைத் தாங்கும் பலம் குறைவு. தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவின் கடைசி மாதங்களில்தான் பெருமளவில் பிள்ளைக்குப் போகின்றன. அந்த மாதங்கள் இவனுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து நோய்த் தடுப்பூசி தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் கிருமித் தொற்று ஆகியவற்றிலிருந்து காக்கிறது. இவற்றுள் குக்கல் சின்னக் குழந்தைக்கு மூச்சை நிறுத்திவிடக்கூடியது. இங்கே எண்ண வேண்டியது பிறந்த நாளிலிருந்து உள்ள ஐந்து மாதம். திருத்திய வயது அல்ல, நிறையும் அல்ல. ஊசிகள் தவறிவிட்டதற்காக இன்னும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் அடுத்த கிளினிக் நாளிலேயே தொடங்கி, மற்றவற்றின் இடைவெளியை அவர்கள் கணித்துத் தருவார்கள். போலியோச் சொட்டும் ஊசியும் அதோடு சேரும். காசநோய்க்கான பீ.சி.ஜி. ஊசி வைத்தியசாலையிலேயே போடப்பட்டது என்று காட்டில் இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. ஊசி போட்ட அன்று மெல்லிய காய்ச்சல் வரலாம். எந்த அளவில் என்ன கொடுப்பது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரும்புச் சொட்டுமருந்தை மலம் கறுத்ததால் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரும்பு கொடுத்தால் மலம் கறுப்பது இயல்பு. நிறுத்த அது காரணம் ஆகாது. பிள்ளையின் உடலில் இரும்பு சேமிக்கப்படுவதும் கருவின் கடைசி மூன்று மாதத்தில்தான். அது கிடைக்காதவனுக்கு இரத்தச்சோகை மட்டுமல்ல, மூளை வளர்ச்சிக்கும் பாதிப்பு வரலாம். பழைய போத்தலை எடுத்துத் திரும்பத் தொடங்க வேண்டாம். நிறை கூடிவிட்டதால் அளவு மாறியிருக்கும், புதிய அளவைக் கிளினிக்கில் கேளுங்கள். விற்றமின் டி சொட்டும் தொடர வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாமி இப்போதே ரஸ்க் கரைத்து ஊட்டப் பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். திருத்திய வயதில் நான்கு மாதமும் நிறையாத பிள்ளைக்குத் தலை நிற்காது, நாக்கு உணவை வெளியே தள்ளும், புரையேறும். தாய்ப்பாலே போதும், நிறைக் கோடு தட்டையாகிப் போனால் மட்டும் என்ன சேர்ப்பது என்று கிளினிக்கில் தீர்மானிப்போம். கோரோசனையும் தேனும் வசம்பும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் படவே வேண்டாம். தலைக்கு மேல் தூக்கிக் குலுக்குவதும், நடைவண்டியில் நிறுத்திக் காலைப் பலப்படுத்துவதும் தீமை.

மூளையில் கசிவு என்றால்

இந்தச் சொல்லைப் படித்த நாளிலிருந்து நீங்கள் நித்திரை கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கசிவை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். இரண்டாம் தரம் என்றால் மூளைக்குள் நீர் நிற்கும் அறைக்குள் சிறிது இரத்தம் வந்தது, அறை விரியவில்லை, மூளைத் திசு நேரடியாகச் சிதையவில்லை. அந்த இரத்தம் காலப்போக்கில் உறிஞ்சப்பட்டுவிடும். மூன்றாம், நான்காம் தரத்தில் உள்ள பெரிய ஆபத்து இதில் இல்லை. இரண்டாம் தரத்தில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பாடசாலைக்குப் போகிறார்கள். அதற்காகப் பார்க்காமல் விடலாம் என்பதில்லை. 29 வாரத்தில் பிறந்ததே, கசிவு இல்லாமல் இருந்தாலும், தொடர்ந்து பார்க்கப் போதுமான காரணம்.

பார்ப்பதற்கு இப்போது நல்ல தருணம். திருத்திய வயதில் 9 முதல் 20 வாரம் வரை, பிள்ளை விழித்து அமைதியாகக் கிடக்கும்போது கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சின்னச் சின்னச் சுழற்சி அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓயாமல் வரும். பிரெக்டல் என்ற வைத்தியரின் அவதானிப்புகளிலிருந்து வளர்ந்த முறை இது. அந்த அசைவுகள் இருந்தால் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இல்லாவிட்டால் அந்த மாதமே பயிற்சி தொடங்கலாம். உங்கள் மகன் 11 வாரத்தில் நிற்கிறான். ஆகவே பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, அவனை நப்பி மட்டும் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்து, சூப்பி இல்லாமல், விளையாட்டுச் சாமான் இல்லாமல், நீங்களும் பேசாமல், கைபேசியை மேலே பிடித்து ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். கைகால் நான்கும் முகமும் தெரிய வேண்டும். அழுதால் நிறுத்தி வேறு நேரம் எடுங்கள். கிளினிக் வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள். அதோடு தசையின் இறுக்கம், தலைச்சுற்றளவு, பார்வையின் பின்தொடர்தல் எல்லாவற்றையும் கையால் தொட்டு அளந்து பார்ப்பார்கள்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. திருத்திய வயதில் நான்கு மாதமாகியும் தலை சிறிதும் நிற்காமல் இருப்பது, கைவிரல்கள் எப்போதும் முட்டியாகவே இறுகியிருப்பது, கால்கள் கத்தரிபோல் குறுக்கே விறைப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்குவது, தலை அளவு திடீரென்று வேகமாகப் பெருப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குறித்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளைகளில் சிலருக்கு முதலாண்டில் கால் சற்று விறைப்பாக இருந்து பிறகு தளர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே நீங்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

கொழும்பா, திருகோணமலையா

உங்கள் கணவர் தூரத்தில் இருந்து துடிக்கிறார். பணம் செலவழித்தாவது ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவருடைய மனம் எனக்கு விளங்குகிறது. கொழும்பில் நிபுணர் ஒருவரைச் சனல் செய்து (தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி நேரம் பெற்று) எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். இந்த வயதில் பிள்ளையை அசையாமல் கிடத்த மயக்கமருந்து தேவைப்படலாம். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதை நம்பித் தொடர் பரிசோதனையை விட முடியாது. சிறு மாற்றம் ஒன்று தெரிந்தாலும் அவன் நடப்பானா, எப்போது நடப்பான் என்று அந்தப் படம் சொல்லாது. கையால் பார்க்கும்போது சந்தேகம் வந்தால் அப்போது எம்.ஆர்.ஐ. பயன்படும், அப்போது அரச வைத்தியசாலைக் கடிதத்தோடே போகலாம். ஒரு தடவை கொழும்பு போய் வருவதைவிட, இரண்டு ஆண்டுக்குத் தவறாமல் ஒரே கிளினிக்கில் ஒரே கோப்பில் பார்க்கப்படுவதுதான் அவனுக்குப் பலன் தரும். பொதுவாகத் திருத்திய வயதில் 3, 6, 9, 12, 18, 24 மாதங்களை ஒட்டி நாட்கள் குறிக்கப்படும். பேச்சும் நடத்தையும் 18 மாதத்துக்குப் பிறகே நன்றாகப் புலப்படுவதால் கடைசி இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலானோர் பிள்ளை நடந்துவிட்டதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அரச கிளினிக்கில் இவை எதற்கும் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஒரு நாள் போய்விடும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் மூதூரிலிருந்து படகுக்கும் மிதவைப் பாதைக்கும் காத்திருந்த நாட்களோடு ஒப்பிட்டால், 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலைக்கு வந்துபோவது வேறு கதை. கண், காது, பிள்ளை வைத்தியர் மூன்றையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்; தூரத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னால் பல இடங்களில் ஒத்துழைப்பார்கள். கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: கிளினிக் நாளன்று கைபேசியில் வைத்தியர் சொல்வதைக் கேட்கட்டும். மூன்றாம் ஆளிடமிருந்து கேட்கும்போதுதான் பயம் கூடுகிறது.

ஏழாம் மாதம் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்று மாமி சொல்லி உங்களை ஆறுதல்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நிறைமாதம்வரை கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு நன்மையே. இதை அவரோடு வாதாட வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் ஏற்காததை வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் ஏற்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

உங்களைப் பற்றி

இரவில் நாலைந்து தடவை எழுந்து பிள்ளையின் மூக்கருகில் கைவைத்து மூச்சுப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மொனிட்டரின் சத்தத்தோடு 52 நாட்கள் இருந்த தாய் அப்படிச் செய்வது புதிதல்ல. அவனை மல்லாக்க, தலையணை இல்லாமல், தட்டையான மெத்தையில் படுக்க வையுங்கள். வீட்டில் யாரும் புகைக்க வேண்டாம். நீலம் பாரித்தல், மூச்சு நின்று நின்று வருதல், பால் குடிக்க மறுத்தல், 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், உடம்பு குளிர்ந்து துவளுதல் இருந்தால் உடனே வைத்தியசாலை. இவை இல்லாத இரவில் நீங்கள் தூங்கலாம். தூக்கம் வராமலே இருந்தால், எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், அழுகை அடங்காவிட்டால், உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கமும் உண்டு. இதுவும் பிள்ளையின் தொடர் கவனிப்பில் சேர்ந்ததே.

பாடசாலை பற்றி. அரச சேவையில் 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துக்குப் பிறகு 84 நாட்கள் அரைச் சம்பளமும், தேவையானால் மேலும் 84 நாட்கள் சம்பளமற்ற விடுமுறையும் எடுக்க இடமுண்டு. வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். உங்கள் சம்பளமும் இந்தப் பிள்ளைக்கு வேண்டும். வீட்டுச் செலவு தாங்குமானால், கண், காது, குடலிறக்கம் மூன்றும் தீரும்வரை விடுமுறையை நீட்டுவது நல்லது. தாங்காவிட்டால் திரும்புங்கள், பாலை எடுத்து வைத்துக் கரண்டியால் ஊட்ட மாமிக்குப் பழக்குங்கள், கிளினிக் நாட்களை மட்டும் முன்கூட்டியே அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்குத் தேவையான வைத்தியச் சான்றிதழை, கண் பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.